வரிசைக்கு முன்னால் இருக்கும் வரிசை

இரவு பதினொன்றரை மணிக்கு ஃபோன் வரும். "சாப்பிட்டுட்டீங்களா? சரி, இனிமே எதுவும் சாப்பிடாதீங்க, தண்ணிகூட வேணாம். உங்க குரூப்ல ஒரு கிட்னி வந்திருக்கு. ஃபைலை எடுத்துக்கிட்டு உடனே கிளம்பி வாங்க." பேசுபவர் மருத்துவமனையின் கோ-ஆர்டினேட்டர். கேட்பவர் மூன்று, நான்கு வருடமாக டயாலிசிஸில் இருப்பவர். வாரத்தை டயாலிசிஸ் உள்ள நாள், இல்லாத நாள் என்று பிரித்துவைத்து வாழ்பவர். தாகம் எடுத்தால் டம்ளரில் பாதி ஊற்றி, அதையும் இரண்டு தடவையாகக் குடிக்கப் பழகியவர். இந்த ஃபோனுக்காகவே நம்பரை மாற்றாமல் வைத்திருந்தவர்.

அதே இரவில் இன்னொரு வீட்டிலும் ஃபோன் அடித்திருக்கும். ஒரு சிறுநீரகத்துக்கு ஒருவரை மட்டும் கூப்பிடுவதில்லை. பெறுபவரின் ரத்தம் கொடுத்தவரின் செல்களை எதிர்க்குமா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் சோதனைக்குச் சில மணி நேரம் பிடிக்கும். முதல் ஆளுக்குப் பொருந்தவில்லை என்று தெரிந்த பிறகு அடுத்தவரைத் தேடி ஊரிலிருந்து வரவழைத்தால் நேரம் போய்விடும். அதனால் பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மூன்று பேரையும் வரவழைத்து உட்கார வைப்பார்கள். விடியும்போது ஒருவர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போவார். மற்றவர்கள் பஸ் பிடித்து வீட்டுக்குப் போவார்கள்.

ஏன் அவருக்கு, ஏன் எனக்கு இல்லை? பஸ் பிடிக்கிறவரும் கேட்டு ஒப்புக்கொள்ளக்கூடிய பதில் இதற்கு வேண்டும். அப்படி ஒரு பதிலை உருவாக்க உலகம் முழுக்க மருத்துவர்களும் சட்டம் எழுதுபவர்களும் அறுபது வருடமாகப் போராடியிருக்கிறார்கள், ஓரளவு வெற்றியும் பெற்றிருக்கிறார்கள். தமிழ்நாடு இதில் இந்தியாவுக்கே முன்னோடி. ஆனால் பட்டியலுக்குள் வந்துவிட்டவர்களிடையே உறுப்பை எப்படிப் பங்கிடுவது என்பதில் காட்டிய அக்கறையை, பட்டியலுக்குள் யாரால் வர முடிகிறது என்பதில் நாம் காட்டவில்லை. அநியாயத்தில் பெரும்பங்கு அந்த வாசலில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம். அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பட்டியலைப் பார்ப்போம்.

1994-ல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தபோதுதான் இந்தியாவில் மூளைச்சாவு சட்டப்படி மரணமானது. இதயம் துடித்துக்கொண்டிருக்கும், வென்டிலேட்டரில் மார்பு ஏறி இறங்கும், உடம்பு சூடாக இருக்கும். மூளைத்தண்டு மட்டும் திரும்ப வராத நிலைக்குப் போயிருக்கும். நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சான்று தர வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்யும் குழுவில் இருப்பவர்கள் இந்தச் சான்றில் கையெழுத்துப் போடக் கூடாது. உறுப்புக்காக ஒருவரை அவசரப்பட்டு இறந்தவர் ஆக்கிவிடக் கூடாது என்பதற்கான வேலி அது.

சட்டம் வந்தும் பதினான்கு வருடம் இறந்தவர்களிடமிருந்து கிடைத்த உறுப்புகள் மிகக் குறைவு. 2008 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அடுத்தடுத்து ஆணைகள் போட்டு, எந்த மருத்துவமனை என்ன செய்ய வேண்டும், உறுப்பு யாருக்கு எந்த வரிசையில் போக வேண்டும் என்பதை எழுத்தில் கொண்டுவந்தது. அதே மாதம் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற 15 வயது மாணவன் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். மருத்துவர்களான அவன் பெற்றோர் எல்லா உறுப்புகளையும் கொடுத்தார்கள். போக்குவரத்தை நிறுத்தி, சென்னையின் குறுக்கே 11 நிமிடத்தில் அவன் இதயம் ஒரு சிறுமிக்குப் போய்ச் சேர்ந்தது. மூளைச்சாவு என்ற சொல் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் பேச்சில் புழங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 2014-ல் இந்த வேலைக்கென்றே தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் அமைந்தது. 2024-ல் தமிழ்நாட்டில் 268 பேர் இறந்தபின் உறுப்பு தானம் செய்திருக்கிறார்கள். அந்த வருடம் நாட்டிலேயே அதிகம் அதுதான்.

2008-ல் வகுத்த ஒதுக்கீட்டு முறையின் அடிப்படை இது. மூளைச்சாவு நிகழ்ந்த மருத்துவமனைக்கே இதயம், கல்லீரல், ஒரு சிறுநீரகம் ஆகியவற்றில் முதல் உரிமை. மற்றொரு சிறுநீரகம் பொதுப் பட்டியலுக்குப் போகும். அரசு மருத்துவமனையில் கிடைத்த உறுப்பு முதலில் அரசு மருத்துவமனை நோயாளிகளுக்கு. தமிழ்நாட்டில் ஆள் இல்லை என்றால் பிற மாநிலத்தவருக்கு, இந்தியர் யாருமே இல்லை என்றால்தான் வெளிநாட்டவருக்கு. பட்டியலுக்குள் பதிவு மூப்பு, ரத்த வகை, உடல் அளவு, நோயின் தீவிரம் எல்லாம் சேர்ந்து முடிவு செய்யும். பிறகு சில திருத்தங்கள் வந்தாலும் இந்தச் சட்டகம்தான் பல மாநிலங்களுக்கு வழிகாட்டியது.

கொடுக்கும் மருத்துவமனைக்கு ஏன் முதல் உரிமை? மூளைச்சாவைக் கண்டுபிடித்து, அறிவித்து, அழுதுகொண்டிருக்கும் குடும்பத்திடம் பேசி, உறுப்பு கெடாமல் உடலைப் பராமரிப்பது பெரிய வேலை. பதிலுக்கு ஒன்றும் இல்லை என்றால் பல மருத்துவமனைகள் வென்டிலேட்டரை ஓடவிட்டு இதயம் நிற்கும்வரை காத்திருந்துவிட்டுப் போய்விடும். மொத்தத்தில் உறுப்புகள் அதிகம் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதனால் ஒரு விளைவும் வந்தது. நல்ல ஐசியு உள்ள பெரிய மருத்துவமனையில் பதிவு செய்த நோயாளிக்கு வாய்ப்பு கூடியது. எந்த மருத்துவமனையில் பதிவு செய்கிறீர்கள் என்பதே உங்கள் இடத்தைப் பாதி தீர்மானித்துவிடுகிறது.

பட்டியலும் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒவ்வொருவராக நகராது. ஓ குரூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஓ குரூப் சிறுநீரகத்தை எந்தக் குரூப்காரருக்கும் வைக்கலாம். ஓ குரூப் நோயாளிக்கோ ஓ உறுப்பு மட்டும்தான் சேரும். வரிசைப்படி யார் முதலோ அவருக்கே என்று விட்டால், ஓ குரூப் உறுப்புகளை மற்றவர்களும் எடுத்துக்கொள்வார்கள், ஓ நோயாளிகளின் காத்திருப்பு நீண்டுகொண்டே போகும். அதனால்தான் சிறுநீரகத்தில் ஓ உறுப்பை முதலில் ஓ நோயாளிக்கே வைக்கும் வழக்கம் வந்தது. நேரமும் ஒரு கணக்கு. எடுத்த இதயத்தையும் நுரையீரலையும் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். கல்லீரல் அரை நாள் அளவுக்குத் தாங்கும், சிறுநீரகம் ஒரு நாள்வரை தாங்கும். ராமநாதபுரத்துக்காரருக்கு எவ்வளவு அவசரமாக இருந்தாலும், இதயம் கிடைத்த இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கே அது போக நேரலாம். இதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதயம் மாற்றும் வசதி எந்த ஊர்களில் இருக்கிறது என்பது மனிதர்கள் எடுத்த முடிவு, அதைக் கேள்வி கேட்கலாம்.

யாருக்கு முதலில் என்பதில் உறுப்புக்கு உறுப்பு நியாயமும் மாறுகிறது. கல்லீரலுக்கு டயாலிசிஸ் போல ஒரு மாற்று இல்லை. அதனால் சாவுக்கு மிக அருகில் இருப்பவருக்கே முதலில் என்ற கொள்கை. ரத்தத்தில் பிலிருபின், கிரியாட்டினின், ரத்தம் உறையும் நேரம் இவற்றை வைத்து மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் முறையை அமெரிக்கா 2002-ல் கொண்டுவந்தது. சிறுநீரகத்தில் டயாலிசிஸ் ஆளைத் தாங்கிப் பிடிப்பதால், காத்திருந்த காலத்துக்கு மதிப்பு அதிகம். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. இருபது வயதுப் பெண்ணின் சிறுநீரகம் எழுபது வயதுக்காரருக்குப் போனால், அந்த உறுப்பு உழைக்கக்கூடிய வருடங்களில் பாதி வீணாகிவிடுமே என்று சிலர் கேட்பார்கள். வயதானவர் உயிர் மட்டும் மலிவா என்று இன்னும் சிலர் கேட்பார்கள். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. இந்தியாவில் 65 வயதைத் தாண்டியவர்கள் இறந்தவர் உறுப்புக்குப் பதிவு செய்யக் கூடாது என்றிருந்த வரம்பை 2023-ல் மத்திய அரசு எடுத்துவிட்டது. பதிவுக் கட்டணம் கூடாது, வேறு மாநிலத்திலும் பதிவு செய்யலாம் என்ற மாற்றங்களும் அப்போதுதான் வந்தன.

குடித்துக் கெட்ட கல்லீரலுக்கு இன்னொருவர் கல்லீரலைக் கொடுப்பதா என்ற கேள்வி நம் ஊரில் அடிக்கடி வரும். ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்டினால்தான் பட்டியல் என்று உலகின் பல மருத்துவமனைகள் விதி வைத்திருந்தன. கல்லீரல் முற்றிலும் பழுதான நிலையில் பலருக்கு ஆறு மாத ஆயுளே இருக்காது. 2011-ல் பிரான்ஸ், பெல்ஜியம் மருத்துவர்கள் 26 நோயாளிகளுக்கு, தேர்ந்தெடுத்து, காத்திருக்க வைக்காமல் மாற்றினார்கள். ஆறு மாதம் கழித்து 77 சதவீதம் பேர் உயிருடன் இருந்தார்கள். மாற்று கிடைக்காத, அவர்களை ஒத்த நோயாளிகளில் 23 சதவீதம்தான். ஆறு மாத விதிக்கு மருத்துவக் காரணம் கொஞ்சம் இருந்தாலும், தண்டனை மனசும் அதில் கலந்திருந்தது. ஒருவர் திரும்பக் குடிப்பாரா, மருந்தை ஒழுங்காக எடுப்பாரா என்று பார்ப்பது மருத்துவம். அவர் உறுப்புக்குத் தகுதியான மனிதரா என்று பார்ப்பது வேறு வேலை. அந்த வேலையைச் செய்ய உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரலாறே இருக்கிறது.

1962-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடர் டயாலிசிஸுக்கென்று ஒரு மையம் திறந்தது. பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் ரத்தக் குழாயில் நிரந்தரமாக ஒரு குழாயைப் பொருத்திவைக்கும் வழியைக் கண்டுபிடித்திருந்தார். அதுவரை சிறுநீரகம் நிரந்தரமாகச் செயலிழந்தவர் இறந்தாக வேண்டியதுதான். இனி வாழலாம். ஆனால் இயந்திரங்கள் சில, நோயாளிகள் பலர். யாரை ஏற்றுவது என்று முடிவு செய்ய ஊர்மக்களில் ஏழு பேர் கொண்ட குழுவை அமைத்தார்கள். ஒரு பாதிரியார், ஒரு வழக்கறிஞர், ஒரு வங்கிக்காரர், ஒரு இல்லத்தரசி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு அரசு அதிகாரி, ஒரு அறுவை மருத்துவர். இவர்கள் பெயரை வெளியே சொல்லவில்லை. நோயாளிக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா, எத்தனை பிள்ளைகள், என்ன வேலை, எவ்வளவு சொத்து, சர்ச்சுக்குப் போகிறாரா, ஊருக்கு உபயோகமாக இருந்திருக்கிறாரா என்பதெல்லாம் அந்த மேசைக்கு வந்தது. ஒரு வார இதழில் இது வெளியானதும் அமெரிக்கா அதிர்ந்தது. கடவுள் கமிட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்த ஏழு பேரும் கெட்டவர்கள் இல்லை. நல்ல மனசோடுதான் உட்கார்ந்தார்கள். ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்தது தங்களைப் போன்றவர்களை. குடும்பம், வேலை, சர்ச் என்று ஒழுங்காக இருந்தவர்களை. தனி ஆள், ஊரோடு ஒட்டாதவர், வேலை இல்லாதவர் வெளியே நின்றார்கள். பத்து வருடம் கழித்து, 1972-ல், டயாலிசிஸ் செலவை அரசே ஏற்கும் சட்டம் வந்ததும் அந்தக் குழுவுக்கு வேலை இல்லாமல் போனது. டயாலிசிஸ் இயந்திரத்தைச் செய்து பெருக்கலாம். உறுப்பைச் செய்ய முடியாது. அதனால் உறுப்புக்குக் கேள்வி தீரவில்லை. ஆனால் ஒரு மனிதரின் சமூக மதிப்பை வைத்து முடிவு செய்யக் கூடாது என்ற பாடம் நின்றது. இன்றைக்குப் பட்டியலில் பெயருக்குப் பதில் எண்ணும், குணத்துக்குப் பதில் ரத்த அறிக்கையும் பேசுவது அதனால்தான்.

சரி, பட்டியல் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யப்பட்டிருக்கிறது. அதற்குள் யார் வருகிறார்கள்?

தமிழ்நாட்டில் பட்டியலில் சேர வேண்டும் என்றால் உரிமம் பெற்ற ஒரு மருத்துவமனை வழியாகத்தான் சேர முடியும். அதற்கு முன் நோய் தெரிந்திருக்க வேண்டும். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்பது மூச்சு வாங்கி, கால் வீங்கி, அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போதுதான் நம்மில் பலருக்குத் தெரியவருகிறது. அப்புறம் டயாலிசிஸ். டயாலிசிஸ் நடக்கும் இடத்திலேயே உறுப்பு மாற்றும் நடக்கும் என்றில்லை. சின்ன ஊர் மையத்தில் வாரம் இரண்டு தடவை படுத்து எழுந்து போகிறவரிடம், "பட்டியல் ஒன்று இருக்கிறது, பதிவு செய்யுங்கள்" என்று ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். அதைச் சொல்வது யாருடைய கட்டாய வேலையும் இல்லை. பதிவு மூப்பு நாள் எண்ணத் தொடங்குவது பதிவு செய்த தேதியிலிருந்து. ஒருவர் டயாலிசிஸ் தொடங்கிய மூன்றாம் மாதம் பதிகிறார், இன்னொருவர் மூன்றாம் வருடம் பதிகிறார் என்று வையுங்கள். இரண்டு பேரும் ஒரே நோயை ஒரே அளவு அனுபவித்தவர்கள். பட்டியலில் மட்டும் அவர்களிடையே ஏறக்குறைய மூன்று வருட இடைவெளி. அந்த இடைவெளிக்கு மருத்துவத்தில் எந்தக் காரணமும் கிடையாது.

அடுத்தது பணம். அரசு மருத்துவமனையில் சிறுநீரக மாற்று இலவசமாக நடக்கிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை கல்லீரல் மாற்று செய்து காட்டியது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பு மாற்றும் உண்டு. இவை சின்னச் சாதனைகள் இல்லை. ஆனால் அந்தக் காப்பீடு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு. மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிக்கும் கடைச் சிப்பந்திக்கு அது கிடையாது. தனியார் மருத்துவமனையின் பல லட்சமும் அவருக்கு எட்டாது. பரம ஏழைக்கும் பணக்காரருக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பெரிய கூட்டத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இதயம், நுரையீரல் என்று வந்தால் இன்னும் மோசம். அந்த அறுவைகளில் பெரும்பகுதி தனியார் மருத்துவமனைகளில்தான். தானம் கொடுப்பது பெரும்பாலும் யார்? டூவீலரில் வேலைக்குப் போன வழியில் அடிபட்டவர், கட்டடத்திலிருந்து விழுந்தவர். அரசு மருத்துவமனை வார்டு வாசலில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்த மனைவி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த இதயத்தை, அந்த மருத்துவமனையில் பெறுவதற்கு ஆள் தயாராக இல்லாததால், வேறு ஒரு வாசலுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. அதே இதயம் அவள் கணவனுக்குத் தேவைப்பட்டிருந்தால் அந்தப் பட்டியலில் அவன் பெயர் ஏறியிருக்குமா? அதுதான் கேள்வி.

2018-ல் வெடித்த சர்ச்சையை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால்தான் புரியும். முந்தைய வருடம் தமிழ்நாட்டில் மாற்றப்பட்ட இதயங்களில் சுமார் கால் பங்கும், நுரையீரல்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கும் வெளிநாட்டவர்களுக்குப் போனதாகச் செய்தி வந்தது. இந்தியர்கள் பட்டியலில் காத்திருக்கும்போது எப்படிப் போனது என்று தேசிய அளவில் கேள்வி எழுந்தது. ஆணையத் தரப்பு சொன்ன விளக்கம்: விதிப்படி எல்லா இந்தியர்களுக்கும் கேட்டுப் பார்த்தோம், யாரும் முன்வராததால் கொடுத்தோம், இல்லாவிட்டால் உறுப்பு வீணாகியிருக்கும்.

இந்த விளக்கம் முழுக்க உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் விஷயம் இன்னும் வலிக்கிறது. எட்டுக் கோடி மக்கள் உள்ள மாநிலத்தில் ஒரு இதயத்துக்குப் பொருத்தமான ஆள் இல்லையா? இருந்திருப்பார். ஆனால் இதயம் பலவீனமாகி எங்கோ ஒரு மாவட்ட மருத்துவமனையில் மாத்திரை வாங்கிக்கொண்டு படுத்திருந்திருப்பார். பட்டியலில் பெயர் இருந்திருக்காது, இருந்தாலும் அந்த இரவில் லட்சக்கணக்கில் கட்ட வழி இருந்திருக்காது. வெளிநாட்டிலிருந்து வந்து சென்னையில் வீடு எடுத்து மாதக்கணக்கில் காத்திருந்தவர் தயாராக இருந்தார். பட்டியலில் முறைகேடு எதுவுமே நடக்காமலேயே இவ்வளவு பெரிய அநீதி நடந்துவிட முடியும். முறைகேட்டைத் தேடி விசாரணை வைக்கலாம், வைக்கவும் வேண்டும். வாசலை யார் விசாரிப்பது?

பெண்கள் விஷயத்தில் இன்னும் பச்சையாகத் தெரியும். 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்றுகளில் 29,695 ஆண்களுக்கு, 6,945 பெண்களுக்கு. நான்கு ஆண்களுக்கு ஒரு பெண். உயிரோடு இருக்கும்போதே உறுப்பைக் கொடுப்பவர்களிலோ பெண்கள்தான் பெரும்பான்மை. மனைவி கணவனுக்கு, அம்மா மகனுக்கு, அக்கா தம்பிக்கு. "அவர்தான் சம்பாதிக்கணும், அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா குடும்பம் என்னாகும்" என்று அவளே சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுவாள். தானத்துக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழு முன்னால் விருப்பத்தோடுதான் தருகிறேன் என்பாள். பொய் இல்லை. ஆனால் அவளுக்குச் சிறுநீரகம் கெடும்போது இதே கேள்வியை அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. டயாலிசிஸ் பார்த்துக்கலாம் என்று போய்விடுகிறது.

இதில் உடம்பும் ஒரு தடை போடுகிறது. கர்ப்பத்தின்போது குழந்தையின் வழியாக அப்பாவின் செல் அடையாளங்கள் அம்மாவின் ரத்தத்துக்கு அறிமுகமாகும். அவள் உடம்பு அவற்றுக்கு எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்ளலாம். பிறகு கணவனே சிறுநீரகம் தர முன்வந்தாலும் கிராஸ் மேட்ச் ஒத்துவராமல் போகலாம். பட்டியலில் வரும் உறுப்புகளும் அவளுக்குப் பொருந்துவது குறையலாம். பிள்ளை பெற்றதாலேயே வரிசையில் பின்னுக்குப் போகிறாள். இப்படிப் பொருந்த உறுப்பு கிடைக்காதவர்களுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கூடுதல் புள்ளி கொடுக்கிறார்கள். மதிப்பெண் முறை நன்றாக வேலை செய்வது இது போன்ற இடத்தில்தான்.

2025 ஆகஸ்டில் தேசிய உறுப்பு மாற்று அமைப்பு மாநிலங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. பட்டியலில் இருக்கும் பெண்களுக்கும், ஏற்கெனவே உறுப்பு தானம் செய்தவர்களின் நெருங்கிய உறவினர்களுக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் முன்னுரிமைப் புள்ளி பட்டியலுக்குள் வந்த பெண்ணுக்குத்தான் கிடைக்கும். வீட்டை விட்டு மருத்துவமனைக்கே வராத பெண்ணுக்கு எந்தப் புள்ளியும் போய்ச் சேராது.

தானம் தந்தவர் குடும்பத்துக்கு முன்னுரிமை என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இஸ்ரேல் 2008-ல் சட்டம் போட்டு, தானத்துக்குப் பதிவு செய்தவருக்குப் பட்டியலில் முன்னுரிமை கொடுத்தது. சிங்கப்பூரிலும், தானம் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர் பட்டியலில் பின்னால் போவார். தமிழ்நாடு 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று அறிவித்தது. கலெக்டர் வந்து மலர்வளையம் வைக்கும்போது அந்தத் தெருவே நின்று பார்க்கிறது. எனக்கு இதுதான் அதிகம் பிடித்திருக்கிறது. கொடுத்த குடும்பத்தை ஊர் தலைநிமிர்ந்து பார்க்க வைக்கிறது, வரிசையைத் தொடுவதில்லை.

இதுவரை பேசியது பெரும்பாலும் இறந்தவர் உறுப்பு பற்றி. இந்தியாவில் நடக்கும் உறுப்பு மாற்றுகளில் ஐந்தில் நான்குக்கும் மேல் உயிரோடு இருப்பவர்களிடமிருந்து எடுப்பவை. அங்கே பொதுப் பட்டியல் என்ற ஒன்றே இல்லை. உறவு இருக்க வேண்டும், அல்லது பாசத்தால் தருகிறேன் என்று அங்கீகாரக் குழு நம்ப வேண்டும். அந்தப் பாசத்தின் பெயரில்தான் விற்பனை நுழைகிறது.

சென்னை வில்லிவாக்கத்துக்குக் கிட்னிவாக்கம் என்று ஒரு காலத்தில் பெயர் இருந்தது. சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் குடியிருப்பில் மீனவப் பெண்கள் இடுப்பில் தழும்போடு செய்தியாளர்கள் முன் நின்றார்கள். 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம். விசைத்தறித் தொழிலாளர்களின் கடனைப் பயன்படுத்திப் புரோக்கர்கள் சிறுநீரகம் வாங்கினார்கள் என்ற புகார் எழுந்து, அரசு விசாரணை நடந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கும்வரை போனது. விற்றால் வாங்கினால் ஐந்து முதல் பத்து வருடம் சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடிவரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. நெசவாளியின் வட்டியும் கடுமையாக இருக்கிறது.

விற்றுக் கரை சேர்ந்தார்களா? 2001-ல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து ஆய்வு செய்து மறு வருடம் வெளியிட்டார்கள். 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. விற்றுச் சராசரியாக ஆறு வருடம் ஆன நிலையில் நான்கில் மூன்று பேர் இன்னும் கடனில் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பத்தில் எட்டுப் பேர், வேறு யாருக்கும் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன் என்றார்கள். "அவன் உடம்பு, அவன் விற்கிறான், இன்னொருவர் பிழைக்கிறார், என்ன தப்பு" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். அவர்களுக்கு இந்த எண்களைத்தான் காட்ட வேண்டும். வலி, தழும்பு, பலவீனம் எல்லாம் ஒருபுறம் தங்க, உறுப்பும் பணமும் மறுபுறம் போய்விடுகின்றன. அந்த நெசவாளிக்கே சிறுநீரகம் கெட்டால் அவருக்கு யார் விற்பார்கள்?

வாசலைச் சரிசெய்ய முடியுமா என்றால், முடியும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும் சூத்திரத்தில், கறுப்பினத்தவர் என்றால் ஒரு எண்ணால் பெருக்கும் வழக்கம் இருந்தது. அதனால் அவர்கள் சிறுநீரகம் உள்ளதைவிட நன்றாக இருப்பதாகக் காகிதத்தில் தெரிந்தது. டயாலிசிஸுக்கு முன்பே பட்டியலில் காத்திருப்புக் காலம் எண்ணத் தொடங்க அந்தக் கணக்கின் விடை 20 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். ஒரே நோய், ஒரே ரத்த அறிக்கை, கறுப்பினத்தவர் மட்டும் தாமதமாக உள்ளே வந்தார்கள். பட்டியல் நேர்மையாகவே நடந்துகொண்டிருந்தது, வாசல் கோணலாக இருந்தது. 2022-ல் அந்தச் சூத்திரத்தைத் தடை செய்தார்கள். அதோடு விடவில்லை. 2023 முதல், எல்லா மருத்துவமனைகளும் பழைய கோப்புகளைத் தோண்டி, இனக் கணக்கு இல்லாவிட்டால் இவர் எந்தத் தேதியில் தகுதி பெற்றிருப்பார் என்று பார்த்து, இழந்த காலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். 14,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் காத்திருப்புக் காலம் கூட்டித் தரப்பட்டது. பலர் ஒரே நாளில் வருடக்கணக்கில் முன்னேறி, உறுப்பும் பெற்றார்கள்.

அதே அமெரிக்காவில் இன்னொரு வாசல் திறந்தே இருக்கிறது. கலிபோர்னியாவில் வாழ்ந்த ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2009-ல் கல்லீரல் கிடைத்தது டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸில். எந்த விதியும் மீறப்படவில்லை. காத்திருப்பு குறைவான வேறு மாநிலத்திலும் பதிவு செய்து வைக்கலாம், அழைப்பு வந்ததும் சில மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடியவராக இருந்தால் போதும். சொந்த விமானம் இருந்தால் போய்ச் சேரலாம். நம் நாட்டில் எந்த மாநிலத்திலும் பதிவு செய்யலாம் என்று 2023-ல் விதி தளர்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான். அந்த உரிமை காகிதத்தில் எல்லோருக்கும் உண்டு. நள்ளிரவில் சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்கு டிக்கெட் போட முடிந்தவருக்குத்தான் அது கையில் இருக்கும்.

இங்கே என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை. டயாலிசிஸ் தொடங்கிய நாளையே பதிவு மூப்பின் தொடக்க நாளாக எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 2014 முதல் சிறுநீரகத்துக்கு அப்படித்தான் செய்கிறார்கள். யார் எப்போது வந்து பதிந்தாலும் அதுவரை டயாலிசிஸில் கிடந்த காலம் கணக்கில் சேரும். ஒவ்வொரு டயாலிசிஸ் மையமும், நோயாளியிடம் உறுப்பு மாற்று பற்றிப் பேசினோம் என்று கையெழுத்தோடு பதிவு வைக்க வேண்டும் என்று ஆக்கலாம். மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரிகளில் மூளைச்சாவைக் கண்டறியவும் உறுப்பு எடுக்கவும் பழகியது போல, பொருத்தவும் பழக வேண்டும். மதுரை, கோவை, திருநெல்வேலி அரசு மருத்துவமனைகளில் வேலை நடக்கிறது, இன்னும் பரவ வேண்டும். பட்டியலில் இருப்பவர்களில் எத்தனை பேர் பெண்கள், எத்தனை பேர் காப்பீட்டில் இருப்பவர்கள், எந்த மாவட்டம் என்று ஆண்டுதோறும் வெளியிட்டால் வாசலில் யார் நிற்கவில்லை என்று ஊருக்கே தெரியும். மாற்றுக்குப் பிறகு ஆயுள் முழுக்க எடுக்க வேண்டிய மாத்திரைக்கும் வழி வேண்டும். உறுப்பு கிடைத்து, இரண்டு வருடம் கழித்து மாத்திரைக்குப் பணம் இல்லாமல் ஒரு வேளை விட்டு ஒரு வேளை போட்டு, அந்தச் சிறுநீரகத்தையும் இழந்து திரும்ப டயாலிசிஸுக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். அவரோடு, அதைக் கொடுத்த குடும்பமும் ஒன்றை இரண்டாம் முறை இழக்கிறது.

உங்கள் வீட்டில் யாராவது டயாலிசிஸில் இருந்தால் இன்றைக்கே ஒன்று செய்யலாம். சிகிச்சை தரும் மருத்துவரிடம், "மாற்றுக்குப் பதிவு செய்ய இவர் தகுதியா? எந்த மருத்துவமனையில் பதியலாம்?" என்று நேராகக் கேளுங்கள். பதிந்த பிறகு பதிவு எண்ணையும் தேதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனைகளை அவர்கள் சொல்லும் இடைவெளியில் புதுப்பியுங்கள், புதுப்பிக்காவிட்டால் பெயர் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படலாம். ஃபோன் நம்பரை மாற்றினால் கோ-ஆர்டினேட்டரிடம் சொல்லுங்கள். வீட்டில் இருப்பது அம்மாவோ மனைவியோ என்றால் அவர்களுக்காக நீங்களே போய்க் கேளுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

அன்று விடிகாலையில் பஸ் பிடித்துத் திரும்பியவரின் பதிவு எண் பட்டியலில் அப்படியே இருக்கும். அடுத்த நாள் காலை ஏழு மணி ஷிஃப்டில் அவருக்கு டயாலிசிஸ். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் "என்னண்ணே, கிடைக்கலையா?" என்று கேட்பார். இவர் இல்லை என்று தலையாட்டிவிட்டு, "நீ எழுதி வச்சிருக்கியா?" என்று திருப்பிக் கேட்பார். "எங்கண்ணே எழுதணும்?" என்பார் அவர்.